நாவலில் எங்கோ படித்த அந்தப் பாட்டு: தேடிப் பிடிக்க எது நல்ல வழி?

“ஒரு பெண் பாட்டுக்கு அபிநயம் பிடிப்பாள், பாட்டு முடியும்போது மயங்கி விழுந்துவிடுவாள். எந்த நாவல் என்று தெரியும். எந்த இடத்தில் வருகிறது என்றுதான் தெரியவில்லை.” சென்ற மாதம் ஒரு நண்பர் தொலைபேசியில் இப்படிக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே இடத்தைத் தேடி நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் கழித்திருக்கிறேன். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’.

நாவலில் படித்த போரோ சூழ்ச்சியோ மறந்துபோனால் யாரும் தூக்கம் கெட்டுத் தேடுவதில்லை. இசை வரும் பக்கம்தான் இப்படிப் படுத்தும். அந்தப் பக்கத்தைக் கண் படித்தாலும் அதை வாங்கி வைத்துக்கொண்டது காது. ஆசிரியர் எழுதிய சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன, படிக்கும்போது நமக்குள் கேட்ட ஓசை மட்டும் நின்றுவிடுகிறது. அந்த ஓசையைத் தேடுபொறியில் தட்டச்சு செய்ய முடியாது. அதனால்தான் எந்த வழியில் தேடுவது என்று ஆரம்பத்திலேயே யோசிப்பது நல்லது. தவறான வழியில் இறங்கினால் நாள் கணக்கில் நேரம் போவதோடு, கையில் இருக்கும் பாதி நினைவும் கலங்கிவிடும்.

என் தேடலை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பல விஷயங்களுக்கு அதுதான் உதாரணம். 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் வந்த தொடரைப் பாட்டி வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாள். பதின்மூன்று வயதில், அத்தை வீட்டு ரேழியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். காகிதம் பழுப்பேறி, ஓரத்தை மடித்தால் ஒடியும். முப்பது வருடம் கழித்து எனக்குள் மிச்சமிருந்தது இவ்வளவுதான்: ஒரு பெண், ஒரு கோயில், ஒரு தேவாரம், அதில் ‘ஆரூர்’, ‘பிச்சி’ என்ற இரண்டு சொற்கள், கடைசியில் அவள் விழுவது. திருவாரூர்க் கோயிலில் நடக்கும் காட்சி என்று முடிவே செய்துவிட்டேன். மின்னூலைத் திறந்து ‘திருவாரூர்’ என்று தேடினேன். நான் நினைத்த எதுவும் வரவில்லை.

வராது. காட்சி நடப்பது காஞ்சியில், நாவுக்கரசர் பெருமானின் மடத்தில். ‘ஆரூர்’ பாட்டுக்குள் இருந்த ஊர். பாட்டில் கேட்ட ஊரை என் நினைவு கதை நடக்கும் ஊராக்கிவிட்டது. கோயில் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை, பிறகு சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, உங்களிடம் மிச்சமிருப்பது என்ன? சொல்லா, காட்சியா, ஓசையா? ஒரு ராகத்தின் பெயரோ ஒரு பாட்டின் அடியோ ஒரு வாத்தியமோ அப்படியே நினைவிருந்தால் அது சொல். ‘விடியற்காலை, ஆற்றங்கரை, யாரோ சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறார்கள்’ என்றால் காட்சி. ‘அந்த இடத்தைப் படித்தபோது தொண்டை அடைத்தது’ என்பது மட்டும்தான் என்றால் ஓசை. மூன்றுக்கும் வழி வேறு வேறு.

இதோடு ஒன்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும். நினைவில் இருப்பது நாவல்தானா, அல்லது அதிலிருந்து எடுத்த படமா? ‘தில்லானா மோகனாம்பாள்’ கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். ‘நலந்தானா’ பாட்டைப் புத்தகத்தில் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. படத்தில் நாம் கேட்கும் நாகஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. பக்கத்தைப் புரட்டும்போது நமக்குள் ஒலிப்பதே அவர்கள் வாசிப்பாக இருக்கலாம். தொடராகப் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: நினைவில் இருப்பது கோபுலுவின் ஓவியமாக இருக்கும். அந்த ஓவியம் இல்லாத பதிப்பைப் புரட்டினால் அதே பக்கம் கண்முன் வந்தாலும் அடையாளம் தெரியாது.

இரண்டாவது, நூல் எந்த நிலையில் இருக்கிறது? கல்கி 1954இல் மறைந்தார், அவர் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆயின. அதனால் முழு உரையும் இணையத்தில் முறையாகவே கிடைக்கிறது. தி. ஜானகிராமன் மறைந்தது 1982இல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற பொதுவான கணக்குப்படி அவர் நூல்களுக்கு 2042 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. ‘மோகமுள்’ளில் ஓர் இடத்தைத் தேடுபவர் புத்தகமோ மின்னூலோ விலை கொடுத்து வாங்கித்தான் தேட வேண்டும். திருட்டுப் பிடிஎஃப்பை நம்பி இறங்குவதில் நியாயக் குறைவு இருக்கிறது என்பதோடு, பெரும்பாலும் அதில் பக்கம் விட்டுப்போயிருக்கும், நாம் தேடும் பக்கம் அதில் இருக்கிறதா என்று கடைசிவரை தெரியாது.

மூன்றாவது, எதற்காகத் தேடுகிறோம்? மனது ஆற வேண்டும் என்பதற்காக மட்டுமா, கட்டுரையில் மேற்கோள் காட்டவா? மேற்கோளுக்கு என்றால் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும், எந்தப் பதிப்பு என்பதும் தெரிய வேண்டும்.

நான்காவது, நேரம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தேடலில் செலவான நேரம் எல்லாமே வீண் அல்ல.

| வழி | எந்த நினைவுக்கு ஏற்றது | ஆகும் நேரம் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| முழுதாக மறுவாசிப்பு | ஓசை, காட்சி | வாரங்கள் | நாவல் பழையபடி இருக்காது |
| எழுத்து மின்னூலில் தேடல் | சொல் | சில நிமிடம் முதல் ஒரு மாலை வரை | எழுத்து வேறுபாடு. ‘இல்லை’ என்ற தவறான முடிவு |
| ஸ்கேன் பிரதியில் தேடல் | சொல், பதிப்பு விவரம் | ஒரு நாள் | எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) செய்யும் பிழை |
| தெரிந்தவரைக் கேட்பது | காட்சி, ஓசை | ஒரு பேச்சு | அவர் நினைவும் கலந்துவிடும் |
| செயற்கை நுண்ணறிவுச் செயலி | காட்சி, குறிப்பு அளவில் மட்டும் | ஒரு நிமிடம் | பொய்ப் பத்தி |
| நூலகத்தில் பழைய இதழ் | ஓவியம், தொடராகப் படித்த நினைவு | பயணத்தோடு சேர்த்து நாட்கள் | அலைச்சல் |

## எழுத்து மின்னூலில் சொல் தேடுவது

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான், பாதிப் பேர் தோற்பதும் இதில்தான். அதனால் இங்கே கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறேன்.

நாட்டுடைமை நூல் என்றால் மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிமூலமும் முதல் வாசல்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்த களஞ்சியம். ‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகங்களும் இப்படிக் கிடைக்கின்றன: பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு. ஈழத்து நூல் என்றால் நூலகம் வலைத்தளத்தில் தொடங்குங்கள்.

தேடும்போது நாம் செய்யும் பெரிய பிழை, நம் நினைவின் சொல்லைப் போடுவது. நான் ‘மயக்கம்’ என்று தேடினேன். கல்கி காலத்து எழுத்தில் ஒருத்தி நினைவிழந்து விழுந்தால் ‘மூர்ச்சை’யாவாள். நாம் ‘கச்சேரி’ என்று நினைவு வைத்திருப்பது அங்கே ‘சதஸ்’ ஆக இருக்கலாம். இசையை விவரிக்கும் சொற்கள் நினைவில் மிகச் சீக்கிரம் நம் காலத்துச் சொல்லாக மாறிவிடும். பெயர்ச்சொற்கள் அப்படி மாறுவதில்லை. அதனால் ராகம், வாத்தியம், ஊர், பாடியவர் பெயர், பாட்டின் ஓர் அடி, இவற்றில் ஒன்று கையில் இருந்தால் அதைத்தான் முதலில் போட வேண்டும்.

அடுத்த சிக்கல் எழுத்து. தம்புரா, தம்பூரா, தம்பூர். சுருதி, ஸ்ருதி, ச்ருதி. நாதஸ்வரம், நாகஸ்வரம், நாகசுரம், நாயனம். காம்போதி, காம்போஜி. ஒரே ஆசிரியரின் ஒரே நூலை இரண்டு பதிப்பாளர்கள் இரண்டு விதமாக அச்சிட்டிருப்பார்கள். ஒரு வடிவத்தில் கிடைக்கவில்லை என்று மூடிவிடாதீர்கள்.

புணர்ச்சி இன்னொரு தொல்லை. ‘நாமம் கேட்டாள்’ என்பது பழைய அச்சில் ‘நாமங் கேட்டாள்’ என்று இருக்கும். ‘மயக்கம்’ என்று தேடினால் ‘மயக்கத்தில்’ மாட்டாது. எனவே சொல்லை முழுதாகப் போடாமல் வால் நறுக்கிப் போட வேண்டும்: ‘மயக்க’, ‘சங்கீத’, ‘தம்பூர’. ரொம்பவும் நறுக்கினால் வேறு தொல்லை. தோடி ராகத்தைத் தேடினால் ‘வந்தோடி’, ‘எழுந்தோடி’ எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். ‘தோடியை’, ‘தோடியில்’ என்று வேற்றுமை உருபோடு சேர்த்துத் தேடினால் கூட்டம் குறையும்.

நான் தேடிய பாட்டு அப்பரின் ஆறாம் திருமுறையில் வரும் திருவாரூர்த் திருத்தாண்டகம்:

முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்
மூர்த்தி அவனிருக்கும் வண்ணம் கேட்டாள்
பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள்
பெயர்த்தும் அவனுக்கே பிச்சி ஆனாள்
அன்னையையும் அத்தனையும் அன்றே நீத்தாள்
அகன்றாள் அகலிடத்தார் ஆசாரத்தை
தன்னை மறந்தாள் தன் நாமம் கெட்டாள்
தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே

இதில் ‘அத்தனையும்’ என்று தேடிப் பாருங்கள். பாட்டில் அதற்குத் தந்தையையும் என்று பொருள். கதையில் ‘எல்லாவற்றையும்’ என்ற பொருளில் கல்கி எழுதிய ஒவ்வொரு ‘அத்தனையும்’ வந்து குவியும். ‘பிச்சி’ என்று தேடியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பாட்டின் அடி நினைவிருந்தால், அதில் உரைநடையில் அதிகம் புழங்காத சொல் எதுவோ அதை எடுங்கள். சீர் பிரித்து அச்சிடுவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் இரண்டு சொல்லைச் சேர்த்துத் தேடுவதைவிட ஒற்றைச் சொல் நல்லது.

உரிமையுள்ள மின்னூலை வாங்கித் தேடுகிறீர்கள் என்றால், தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். திறந்திருக்கும் பக்கத்தில் உங்கள் கண்முன் இருக்கும் ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் போடுங்கள். அதையே அது கண்டுபிடிக்கவில்லை என்றால் அந்தச் செயலியில் தமிழ்த் தேடல் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சில செயலிகள் முழுச் சொல்லை மட்டும் பார்க்கும், பாதி கொடுத்தால் இல்லை என்று சொல்லிவிடும். இந்தச் சோதனை செய்யாமல் ‘அந்த இடம் இந்த நூலில் இல்லவே இல்லை’ என்ற முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. நானே அப்படி இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான். கிடைக்காமல் போவது பெரிய நஷ்டமல்ல. இருப்பதை இல்லை என்று நம்பித் தேடலையே விட்டுவிடுவோமே, அதுதான் நஷ்டம்.

எப்போது இந்த வழி சிறந்தது? ஒரே ஒரு பெயர்ச்சொல்லாவது உறுதியாகத் தெரிந்தால். எப்போது உதவாது? நாவல் முழுக்கவே இசையாக இருந்தால். ‘மோகமுள்’ளில் பாட்டு வாத்தியாரும் மாணவனும் தம்பூராவும் சாதகமும்தான் கதையின் உடம்பு. அதில் ‘சங்கீதம்’ என்று தேடுவது கும்பகோணத்தில் இறங்கி ‘இங்கே கோயில் எங்கே இருக்கிறது’ என்று கேட்பது மாதிரி.

## ஸ்கேன் செய்த பழைய பிரதிகள்

மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டும், பழைய பதிப்பின் சொல் வேண்டும் என்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாதது. மற்றவர்கள் இரண்டாவதாக முயலலாம்.

ஸ்கேன் என்பது படம். அதற்குள் தேட முடிகிறது என்றால் பின்னால் எழுத்துணரி படித்த உரை ஒன்று ஒளிந்திருக்கிறது. தமிழில் அந்த உரை தடுமாறும் இடங்கள் தெரிந்தவைதான்: ‘ர’வும் துணைக்காலும் பல அச்சுகளில் ஒரே மாதிரி இருக்கும், எகர ஏகாரக் குழப்பம் வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை இருக்கும், சுழித்த ணா, றா, னா இருக்கும். ‘வீணை’ என்ற சொல்லிலேயே அந்த ‘ணை’ இருக்கிறது பாருங்கள், இசை தேடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்! வரி முடிவில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து, கோடு போடாமலே அடுத்த வரியில் தொடர்வதும் நம் அச்சு வழக்கம். அப்படி உடைந்த சொல் பல நேரம் தேடலில் மாட்டாமல் தப்பிவிடும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் ஒரு தனி ரகம். பார்வைக்குத் தெளிவான தமிழ், தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டினால் காரணம் புரிந்துவிடும். அப்போதும் ஒரு வழி இருக்கிறது: அந்தப் பிடிஎஃப்பில் உங்கள் சொல் எங்காவது ஒருமுறை கண்ணில் பட்டால் அதை அப்படியே நகலெடுத்து, கொட்டுகிற அந்தக் குறியீட்டையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். மற்ற இடங்களும் வரும்.

## தெரிந்தவர்களைக் கேட்பது

எனக்குப் பலித்தது இந்த வழி.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் மாலைப் பூசை முடிந்து, ஓதுவார் ஐயா தாளத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். “ஐயா, ஒரு பதிகம். ஆரூர்னு வரும், ‘பிச்சி ஆனாள்’னு ஏதோ வரும். முழுசாத் தெரியல” என்றேன். அவர் பையைக் கட்டுவதை நிறுத்தினார். கண்ணை மூடி, மெதுவாக ‘முன்னம் அவனுடைய’ என்று எடுத்தார். எட்டு வரியையும் பாடிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். “அப்பர் சுவாமிகள் தாண்டகம் தம்பி. ஆறாம் திருமுறை.” இருட்டிக்கொண்டிருந்த பிராகாரத்தில், முப்பது வருடமாக எனக்குள் ஓசையாக மட்டும் இருந்தது சொல்லாகத் திரும்பி வந்தது. ஆரூர் பாட்டுக்குள் இருக்கும் ஊர் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எந்தத் தேடல் பெட்டியும் இதைச் செய்திருக்காது. நான் வைத்திருந்தது இரண்டு சொல்லும் ஒரு நடையும். அந்த நடையைக் கேட்டு அடையாளம் காண ஒரு காது வேண்டியிருந்தது.

மறுநாள் அத்தைக்கு போன் செய்தேன். “அத்தை, சிவகாமி ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’னு ஆடுவாளே, அது எங்க வருது?”

“எதைக் கேக்கற? அது ரெண்டு எடத்துல வரும்டா. மொதல்ல மடத்துல ஆடி மூர்ச்சையாயிடுவா. கடைசில ஏகாம்பரேஸ்வரர் சந்நிதில ஆடுவா.”

அங்கே அவிழ்ந்தது முடிச்சு. நான் ஒரு காட்சி என்று வைத்திருந்தது இரண்டு காட்சிகள். விழுவது முதல் பாகத்திலிருந்து, கோயில் நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயத்திலிருந்து. அந்த அத்தியாயத்தின் தலைப்பே ‘தலைவன் தாள்’, பாட்டின் ஈற்றடி. பாட்டு ஒன்றாக இருந்ததால் நினைவு இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது. கல்கி வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார் என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. முதலில் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறவள், கடைசியில் அந்தப் பாட்டாகவே ஆகிவிடுகிறாள். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் இசை விமரிசனம் எழுதிய மனிதருக்கு, ஒரு பல்லவியை எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று தெரியாதா என்ன!

யாரைக் கேட்கலாம்? நாவல் வாசகரை மட்டும் நினைக்காதீர்கள். தேவாரம் என்றால் ஓதுவார், கீர்த்தனை என்றால் பாட்டு டீச்சர், நாகஸ்வரக் காட்சி என்றால் வாசிப்பவர். பாட்டு அடையாளம் தெரிந்துவிட்டால் நாவலில் இடம் கண்டுபிடிப்பது பாதி முடிந்த வேலை. தொடராகப் படித்த தலைமுறையிடம் கேட்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு எது எதற்குப் பின்னால் வந்தது என்ற வரிசை அசாத்தியமாக நினைவிருக்கும்.

செலவு? அவர்கள் நினைவும் நினைவுதான். அத்தை சொன்ன இரண்டாவது காட்சியில் அவள் சேர்த்த ஒன்றிரண்டு விவரங்கள் புத்தகத்தில் இல்லை. எனவே சொன்னதைக் கேட்டுக்கொண்டு, உடனே அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சரிபார்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் அவர்கள் சொன்னதும் நாம் படித்ததும் கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது.

## செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்பது

இதில் நான் உறுதியாக ஒரு பக்கம் நிற்கிறேன். ‘அந்தப் பத்தியை எழுதிக் காட்டு’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேட்டால் எழுதிக் காட்டும். நான் கேட்டபோது, தீபம் அசைய, சலங்கை ஒலிக்க, அழகான ஒரு பத்தி வந்தது. அத்தியாயத் தலைப்போடு வந்தது. புத்தகத்தில் அந்தப் பத்தியும் இல்லை, அந்தத் தலைப்பும் இல்லை. சரிபார்த்துத் தூக்கிப் போட்டேன், ஆனாலும் அதிலிருந்த தீபம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. நிஜப் பக்கத்தைப் படிக்கும்போது அது நடுவில் வந்து நிற்கிறது. இந்தச் செலவுக்கு ஈடே கிடையாது. பாதி நினைவு என்பது மெல்லிய பொருள், அதன்மேல் இன்னொரு பத்தியை வைத்தால் அடியில் இருந்தது நசுங்கிவிடும்.

ஆனால் நாவலின் பெயரே தெரியாதவருக்கு இது உதவக்கூடும். ‘கும்பகோணத்தில் நடக்கும், சங்கீதம் கற்கும் இளைஞனைப் பற்றிய தமிழ் நாவல்கள்’ என்று கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். நினைவில் இருக்கும் சொல்லுக்கு அந்தக் காலத்து மாற்றுச் சொற்கள், எழுத்து வேறுபாடுகள் கேட்கலாம். அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு மின்னூலுக்குத் திரும்பிவிடுங்கள்.

## நூலகத்துக்குப் போவது

நினைவு ஓவியத்தோடு ஒட்டியிருந்தால், அல்லது தொடருக்கும் புத்தகத்துக்கும் வேறுபாடு இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், பழைய இதழைத்தான் பார்க்க வேண்டும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதல் இடம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் கொண்டு 1994இல் உருவானது. எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா இருக்கிறது. கிளம்பும் முன் எந்த இதழ், எந்த வருடம் என்று எழுதிக்கொண்டு, அந்தத் தொகுதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள், மனநிறைவுக்கு மட்டும் தேடுகிறவர்கள், இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

## முழுதாக மறுபடி வாசிப்பது

ஓசை மட்டும் நினைவிருப்பவருக்கு வேறு வழி கிடையாது. பெயரில்லை, சொல்லில்லை, பாட்டின் அடியில்லை, தொண்டை அடைத்தது மட்டும் தெரியும் என்றால், மறுபடியும் அடைக்கும் இடம் வரும்வரை படித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நேரம் என்று பார்த்தால் இதுதான் அதிகம். ஆனால் ‘மோகமுள்’ மாதிரி நாவலுக்கு மின்தேடலைவிட இது சீக்கிரம் முடியும் என்பது என் அனுபவம். தேடல் ஐம்பது இடத்தைக் காட்டும்போது ஒவ்வொன்றையும் முன்பின் தெரியாமல் திறந்து பார்ப்பதில் சலிப்புத்தான் மிஞ்சும். வரிசையாகப் படித்து வந்தால் அந்த இடத்துக்கு நாலு பக்கம் முன்னாலேயே உடம்புக்குத் தெரிந்துவிடும். இசைக் காட்சிகள் தனியாக நிற்பதில்லை, அதற்கு முன்னால் ஆசிரியர் சுருதி கூட்டியிருப்பார். கதாநாயகன் பாபுவின் மனம் எந்த நிலையில் இருக்கும்போது அந்தத் தம்பூரா ஒலிக்கிறது என்பதில்தான் அந்தப் பக்கத்தின் பலம் இருக்கிறது. அந்தப் பத்தியை மட்டும் பிய்த்து எடுத்துப் படித்தால், ‘இதற்கா இத்தனை நாள் அலைந்தோம்’ என்று ஏமாற்றம்கூட வரும்.

செலவும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இருபது வயதில் படித்த நாவல் ஐம்பது வயதில் வேறு நாவல். தேடிய பக்கம் கிடைக்கும், ஆனால் அது நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருக்கலாம். என் நினைவில் பல பக்கங்களுக்கு விரிந்த காட்சி, புத்தகத்தில் கையிலிருந்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் மனசு வெறுமையாக இருந்தது. திரும்பவும் படித்தேன். மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தேன், அப்போதுதான் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நினைவில் இருக்கும் வடிவம் உங்களுக்கு அவ்வளவு அருமையானது என்றால், தேடாமலே விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

கண் பார்வை ஒத்துழைக்காதவர்களுக்கு ஒலிநூல் இருக்கிறது. உள்ளே தேட முடியாது, ஆனால் பாட்டு வரும் இடத்தில் வாசிப்பவர் குரல் மாறும், அதைக் காது தவறவிடாது.

## எந்த நேரத்தில் எது

நண்பருக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் நாள், தெரிந்த ஒரு பெயர்ச்சொல்லை வைத்து மின்னூலில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் இரண்டு பேரைக் கேளுங்கள்: ஒருவர் அந்தப் பாட்டை அறிந்தவர், இன்னொருவர் அந்த நாவலை நேசிப்பவர். அவர்கள் தரும் புதுச் சொல்லோடு மறுபடி மின்னூலுக்கு வாருங்கள். அதற்கும் பிடிபடவில்லை என்றால் சந்தேகம் விழுந்த பாகத்தை மட்டும் எடுத்து வைத்துப் படியுங்கள். கட்டுரைக்கு வேண்டும் என்றால், கிடைத்த பிறகு அச்சுப் பிரதியோடோ ஸ்கேனோடோ ஒத்துப் பாருங்கள், தட்டச்சு மின்னூலை மட்டும் நம்பி மேற்கோள் குறி போடாதீர்கள்.

கிடைத்ததும் உடனே எழுதி வையுங்கள். பக்க எண் மட்டும் போதாது, அடுத்த பதிப்பில் அது மாறிவிடும். பாகம், அத்தியாயம், அந்தப் பத்தியின் முதல் இரண்டு சொல், இது மூன்றும் இருந்தால் எந்தப் பதிப்பிலும் எடுத்துவிடலாம். என் பிரதியின் பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘முன்னம் அவனுடைய. 1ஆம் பாகம், நாவுக்கரசர் மடம். 4ஆம் பாகம், கடைசி அத்தியாயம், ஏகாம்பரர் சந்நிதி.’ அதற்குக் கீழே அத்தையின் தொலைபேசி எண்.